மூன்றாவது சிலிண்டரில் உட்காருபவர்

நடந்தது இதுதான், நடந்த வரிசையில்:

1. போன வருடம் சித்திரையில் ஒரு புதன்கிழமை மதியம். நான் வசிக்கும் நெதர்லாந்துச் சிற்றூரின் பெரிய தேவாலயத்தில் சந்தை நாள் கச்சேரி. அங்குள்ள பழைய குழாய் ஓகன் வாத்தியத்துக்கு அன்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, அந்தக் காலத்தில் செய்ததுபோல ஆட்கள் காலால் துருத்தி மிதித்துக் காற்றுக் கொடுத்தோம். மிதித்த இருவரில் நான் ஒருத்தி.

2. அதே நேரம் என் ஊரான பேசாலையில் பின்னேரம். என் அண்ணா அன்ரன் கடலட்டை பிடிக்கச் சுழியோடிவிட்டுக் கரைக்கு வந்துகொண்டிருந்தார். வழமையாக ஒரு நாளைக்கு இரண்டு காற்றுச் சிலிண்டருக்கு மேல் போகமாட்டார். அன்று மூன்று.

3. வழமையாக அவருடைய வள்ளத்தில் நின்று குமிழி பார்ப்பவன் அண்ணியின் தம்பி சீலன். அன்று அவன் கொழும்பில் நின்றான். நான் இருக்கும் நாட்டுக்கு வருவதற்கான விசா நேர்முகம்.

4. கரையில் இறங்க எழும்பியபோது அண்ணாவின் கால்கள் இரண்டும் சொல்லுக் கேட்கவில்லை.

5. வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டி, அண்ணாவைத் திரும்பவும் கடலுக்குள் இறக்குவதற்காக இன்னொரு சிலிண்டரை ஏற்றச் சொன்னார்.

6. அண்ணி றீற்றா எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் துருத்தியில் நின்றேன்.

அந்தக் கச்சேரி திரும்ப வருகிறது. என்னோடு மிதித்த மார்லீன், இந்த வருடமும் வருவாயா என்று கேட்டிருக்கிறாள். பதில் எழுத உட்கார்ந்தபோது, பேசாலைக்கும் ஒரு பதில் எழுத வேண்டியிருக்கிறது என்று பட்டது. அங்கே இதைப் பற்றி இரண்டு கதைகள் உலாவுவதாகக் கேள்வி. ஒன்றில், நான் வெள்ளைக்காரரின் பாட்டுக் கேட்கப் போய் அண்ணாவின் அழைப்பை எடுக்கவில்லை. மற்றதில், நான் ஒரு டொக்டர். இரண்டும் பிழை.

*

நான் மருத்துவமனைகளின் காற்றுத் தொகுதிகளைப் பராமரிக்கும் பொறியாளர். சத்திரசிகிச்சை அறைக்குள் போகும் காற்று எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு, எங்கே கசிகிறது என்று பார்ப்பது வேலை. எங்கள் மருத்துவமனையில் ஆறாத புண்களுக்கு வைத்தியம் செய்யும் ஓர் அழுத்த அறையும் இருக்கிறது. அதன் காற்றும் எங்கள் பொறுப்பு. யாராவது கேட்டால் அம்மா, “ஏசி திருத்திற வேலை” என்பார். பெரிய பிழையில்லை.

இந்தக் கச்சேரிகளுக்கு நான் போகத் தொடங்கியது இசை ஆசையால் அல்ல. நிரந்தர வதிவிட அனுமதிக்கு மொழிப் பரீட்சை எழுத வேண்டும். மொழி வகுப்பு ஆசிரியை, ஊரில் நடக்கும் ஏதாவது ஒன்றுக்குப் போய்வந்து ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார். அந்தக் கிழமை நடந்தது பழைய இசைக் கச்சேரி ஒன்றுதான். முந்நூறு வருடத்துக்கு முந்தின இசையை அந்தக் காலத்துக் கருவிகளிலேயே வாசிப்பார்கள். வயலினில் உருக்குத் தந்தி இல்லை, ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்பு. புல்லாங்குழல் மரம். ஊதுகொம்பில் அழுத்துவதற்கு ஒரு பொத்தான்கூட இல்லை, சுரம் முழுவதும் வாசிப்பவரின் உதட்டில்தான். சுருதியும் இன்று வழக்கில் உள்ளதைவிட அரைச் சுரம் கீழே.

எனக்கு முதலில் தெரிந்தது அவர்களுடைய அவதிதான். ஒரு பாட்டு முடிந்ததும் எல்லோரும் நரம்பு முறுக்கினார்கள். அடுத்தது முடிந்ததும் திரும்ப முறுக்கினார்கள். நான் மேலே பார்த்தேன். வெப்பக் காற்றுத் துவாரம் ஒன்று நேரே வயலின்காரரின் தலைக்கு மேல் ஊதிக்கொண்டிருந்தது. குடல் நரம்பு ஈரத்துக்கும் உலர்வுக்கும் ஆடும் பொருள். சுருதி எப்படி நிற்கும்?

முடிந்த பிறகு வாசலில் நின்ற ஒருங்கிணைப்பாளரிடம் போய், அப்போது எனக்கிருந்த டச்சு மொழியில், “உங்கள் காற்று கெட்டது” என்றேன். அவள் தன் சட்டைக் கையைத் தூக்கி மணந்து பார்த்தாள். அவள்தான் மார்லீன். தொழிலால் மிருக வைத்தியர், காலையில் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேரே வந்தவள். நான் கையால் துவாரத்தைக் காட்டி, வயலினைக் காட்டி, விளங்கப்படுத்தினேன். அடுத்த கச்சேரிக்கு ஈரமானியோடு போனேன். துவாரத்தை மூடிவிட்டோம். அன்று நரம்பு முறுக்கியது பாதிதான்.

அதன் பிறகு விடாமல் போனேன். ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் சொல்லலாம். இந்தக் கருவிகளில் வேலை கேட்கிறது. வில் நரம்பில் பிடிக்கும் முன் ஓர் உரசல். குழலின் துளையை விரல் மூடும் சிறு தட்டு. ஊதுகொம்புக்காரர் ஒவ்வொரு முறையும் சுரம் தவறலாம் என்று தெரிந்தே மூச்சை எடுக்கிறார், நாமும் நம்முடைய மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். தவறினால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

புலம்பெயர்ந்தவர்கள் எழுதும்போது, பிள்ளைகள் எங்களை விட்டு விலகிப் போகிறார்கள் என்று கட்டாயம் எழுதுவார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் விலகிப் போன பிள்ளை நான்தான். அம்மா, “மடு மாதா திருவிழாவுக்கு வருவியோ?” என்று ஒவ்வொரு ஆடியிலும் கேட்பார். நான், “ஓகே, பாப்பம்” என்பேன். லீவு இருந்தது. அந்த லீவில் பக்கத்து ஊர்களுக்கு ரயிலேறி ஓகன் கேட்கப் போனேன்.

*

துருத்தி பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி விளங்கும்.

ஓகனுக்குப் பின்னால், கோபுரத்துப் படிகளில் ஏறினால் ஒரு சின்ன அறை. உள்ளே கட்டில் அளவில் மூன்று தோல் துருத்திகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மரக்கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். கட்டையில் ஏறி நின்றால் நம் பாரத்தில் அது மெல்ல இறங்கும், துருத்தியின் மேற்பலகை எழும்பும், காற்று நிரம்பும். நாம் இறங்கியதும் பலகை தன் பாரத்தில் தாழ்ந்து தாழ்ந்து ஓகனுக்குக் காற்றை அனுப்பும். அது அடி தட்டுவதற்குள் அடுத்தது நிரம்பியிருக்க வேண்டும். குதிக்கக்கூடாது. குதித்தால் குழாயில் சத்தம் நடுங்கும். மெல்லிய பாட்டுக்கு ஒருவர் போதும். எல்லாக் குழாய்களும் திறக்கும் இடத்தில் இருவர் இல்லாமல் சமாளிப்பது கடினம். வாசிப்பவருக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கு அவரைத் தெரியாது. சுவரில் ஒரு சிறு விளக்கு மட்டும். அவர் ஆயத்தமானதும் அது எரியும்.

முதல்நாள் நான் மிதித்ததைப் பார்த்துவிட்டு மார்லீன் கேட்டாள், “உனக்கு இது முன்பே தெரியுமா? கண்ணை எடுக்காமல் பலகையையே பார்க்கிறாய்.”

தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் கண்ணை எடுக்காமல் பார்ப்பது ஒரு தொழில். அண்ணா கீழே போனால் சீலன் வள்ளத்தின் விளிம்பில் நின்று, தண்ணீரில் வரும் குமிழியின் பின்னாலேயே வள்ளத்தை விடுவான். அந்த இடத்துக்கு அண்ணியின் தம்பியைத் தவிர வேறு யாரையும் வைப்பதில்லை. முத்துக் குளித்த காலத்தில் கயிறு பிடித்தவர்களிடமிருந்து வந்த வழக்கம். மனைவியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும், தன் அக்காவின் தாலிக்காக அவன் கண்ணை எடுக்கமாட்டான் என்பது கணக்கு.

சீலன் அதற்கு மேலும் ஒன்று செய்வான். சம்மாட்டி எப்போதும் மூன்று சிலிண்டர் ஏற்றிவிடுவார். இரண்டு முடிந்து அண்ணா ஏறியதும், சீலன் போய் மூன்றாவதின் மேல் உட்கார்ந்துகொள்வான். நான் லீவில் போய் அவர்களோடு வள்ளத்தில் இருந்த ஒரு நாள் இதற்காக இருவரும் சண்டை பிடித்தார்கள்.

“கீழ அட்டை கொட்டிக் கிடக்குது. இவர் மேல குந்திக்கொண்டு சிரிக்கிறார்” என்றார் அண்ணா.

“காணும் அத்தான். அட்டை நாளைக்கும் கிடக்கும்.”

“எழும்படா.”

“எழும்பமாட்டன். அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, எழும்புறன்.”

அந்தப் புதன்கிழமை அந்தச் சிலிண்டரின் மேல் உட்கார ஆள் இல்லை. சம்மாட்டி அனுப்பிய ஆள் பாப்பாமோட்டைப் பக்கம் வயல் செய்கிறவர், நல்ல மனிதர், குமிழியை விடாமல்தான் பார்த்தார். மூன்றாவதைக் கேட்டபோது எடுத்துக் கொடுத்தார்.

*

துருத்தி அறைக்குள் தொலைபேசி கொண்டுபோகக்கூடாது என்பது விதி. நான் அன்று சட்டைப் பையில் வைத்திருந்தேன். நேர்முகம் முடிந்து சீலன் எடுப்பான் என்று நினைத்தேன். அவனுக்கான கடிதங்களை நான்தான் அனுப்பியிருந்தேன். இங்கே பூந்தோட்டக் கண்ணாடி வீடுகளில் வேலை, ஒப்பந்தம், தங்குமிடம் எல்லாம் நான் விசாரித்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில் பையில் அதிர்ந்தது. நின்றது. உடனே திரும்ப அதிர்ந்தது. மார்லீன் என்னைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். மூன்றாவது தடவை எடுத்துப் பார்த்தேன். அண்ணி அனுப்பிய செய்தி:

“அவருக்குக் கால் இல்லை. திரும்ப இறக்கப் போகினம். எடு.”

எனக்கு உடனே விளங்கியது. ஆழத்தில் அழுத்தத்தோடு உடம்பில் கரைந்த வாயு, சுழியோடி விரைவாக மேலே வந்தால் இரத்தத்திலும் நரம்பிலும் குமிழியாகப் பிரியும். எங்கள் ஆட்கள் இதற்குத் தாங்களே ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஆளைத் திரும்ப அதே ஆழத்துக்கு இறக்கி மெதுமெதுவாக மேலே எடுப்பது. அழுத்த அறை செய்வதும் ஏறக்குறைய அதுதான் என்பதால் அவர்களை மூடர் என்று சொல்லமுடியாது. ஆனால் அறைக்குள் ஒட்சிசன் இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்கும், மயங்கினால் மூழ்கமாட்டார்.

நான் மார்லீனின் காதருகில், “என் அண்ணா. கடலில். நான் பேச வேண்டும்” என்றேன்.

“போ.”

“தனியே முடியுமா?”

“கடைசிப் பாட்டில் எல்லாக் குழாயும் திறக்கிறார். அதற்குள் வா. போ.”

கோபுரப் படியில் நின்று எடுத்தேன்.

“அண்ணி, அவர் எங்க?”

“இஞ்ச மணல்ல கிடக்கிறார். வள்ளத்தைத் திருப்பித் தள்ளீட்டினம்.”

“கால்ல உணர்வு இருக்கோ?”

“ஊசியால குத்திப் பாத்தாச்சு மச்சாள். ஒண்டும் தெரியேல்லையாம்.”

“தண்ணிக்குள்ள விடாதேங்கோ.”

தொலைபேசி கை மாறியது. சம்மாட்டியின் குரல். “தங்கச்சி, இது எங்களுக்குப் புதுசில்ல. எங்கட ஆள் ஒருத்தன் இப்பிடித்தான் வந்தவன். இறக்கி எடுத்தனாங்கள். இப்ப சைக்கிள் ஓடுறான்.”

“மற்றவர்?”

கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும், இன்னொருவரையும் அப்படி இறக்கினார்கள், அவர் உயிரோடு வரவில்லை என்று.

“அது அவன்ர காலம்” என்றார்.

“உள்ளுக்க மயங்கினால் ஆர் பாக்கிறது? இண்டைக்குச் சீலனும் இல்லை.”

“சீலனைக் கொழும்புக்கு அனுப்பினது ஆர் தங்கச்சி? நானோ?”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. படுத்தபடி. போனவுடன ஒட்சிசன் குடுக்கச் சொல்லுங்கோ.”

“கொண்டுபோறதெண்டால் கொண்டுபோகலாம். ஆனா அட்டைக்குப் போனது எண்டு வாய் திறக்கேலாது. அட்டை பிடிக்கிற பாஸ் முடிஞ்சு கிடக்கு. புதுப்பிக்கக் குடுத்தது கந்தோரில தூங்குது. வள்ளத்தில வழுக்கி விழுந்தவர் எண்டு சொல்லுவம்.”

அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் என்ற சொல் நான் இருக்கும் இந்த நாட்டிலிருந்துதான் எங்களிடம் வந்தது. வேகமும் கூடவே வந்திருக்கிறது. ஆனால் அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. விழுந்தார் என்று சொன்னால் முதுகைப் படம் எடுப்பார்கள், எலும்பு சரியாக இருக்கும், விடியட்டும் என்று வாட்டில் படுக்க வைப்பார்கள். விடியும்போது நரம்பு செத்திருக்கும். கடலை விட எனக்கு அந்தப் பொய்தான் பயமாக இருந்தது.

“அண்ணாட்டக் குடுங்கோ.”

மணலில் யாரோ நடக்கும் சத்தம். பிறகு, “பிள்ளை.”

“அண்ணா.”

“பின்னால என்ன சத்தம்?”

“ஓகன். நான் வேலையா நிக்கிறன்.”

“நல்லாத்தான் கிடக்கு.” மூச்சு வாங்கினார். “சொல்லு. இறங்கட்டோ?”

“இறங்காதேங்கோ. ஆஸ்பத்திரியில உண்மையைச் சொல்லுங்கோ. மூண்டு சிலிண்டர், எவ்வளவு ஆழம், எப்பிடி ஏறினது, எல்லாம். அழுத்த அறைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ. அது கடற்படை முகாமில இருக்கு.”

“நேவியிட்டயோ? பாஸ் இல்லாமல் அட்டை பிடிச்சவன் தானாய்ப் போய்ப் படுக்கிறதோ?”

“ஓம்.”

“வள்ளத்தையும் பிடிச்சால்?”

“பிடிக்கட்டும்.”

“உனக்கென்ன, சொல்லலாம்.” கோபமில்லாமல்தான் சொன்னார். அந்த நேரம் சுவருக்கு அப்பால் ஓகனின் சத்தம் ஒரு கணம் தொய்ந்து, சுருதி கீழே வழுக்கி, திரும்ப எழும்பியது. மார்லீன் ஒரு துருத்தியைத் தவறவிட்டுப் பிடித்துவிட்டாள் என்று விளங்கியது. அண்ணா சொன்னார், “சரி. நீ சொன்னால் செய்யிறன். ஆனா கால் வராட்டி றீற்றாவுக்கு நீதான் சொல்லோணும்.”

“சொல்லுறன்.”

நான் திரும்பி உள்ளே போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மார்லீனின் முகம் சிவந்திருந்தது. அவள் விரலால் இரண்டாவது கட்டையைக் காட்டினாள். கடைசிப் பாட்டு முழுவதையும் மிதித்தேன். ஒரு சுரமும் எனக்கு நினைவில் இல்லை. பலகை தாழ்வது மட்டும் நினைவிருக்கிறது.

முடிந்து கீழே இறங்கியபோது வயதான ஒருவர் மார்லீனின் கையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் வந்த அந்த நடுக்கம் அற்புதம், மின்விசிறியில் இது வராது, பழைய காற்று என்றால் இதுதான் என்றார்.

“அது என் முழங்கால்” என்றாள் மார்லீன்.

*

அவர்கள் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னார்கள். சொன்னது அண்ணி. சம்மாட்டி வாசலோடு நின்றுவிட்டார். ஒட்சிசன் கொடுத்து, அன்றைக்கே அம்புலன்ஸில் கிழக்குக் கரையிலுள்ள அந்தக் கடற்படை முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே வாசலில் நின்ற கடற்படை வைத்திய உதவியாளர் பாஸைக் கேட்கவில்லை, எத்தனை சிலிண்டர் என்று கேட்டாராம். “மல்லி, பய வெண்ட எப்பா” என்று சிங்களத்தில் சொல்லி அண்ணாவின் தோளில் தட்டினாராம். தம்பி, பயப்படாதே. அண்ணா அவரைவிட எப்படியும் பத்து வயது மூத்தவராக இருப்பார்.

சில நாட்களுக்குப் பிறகு அண்ணா எடுத்தார்.

“அந்த அறைக்குள்ள காத்து வாற சத்தம் கேட்டுக்கொண்டு கிடந்தனான். நீ மிதிக்கிறதும் இப்பிடித்தானோ?”

“இதைவிட மெதுவா.”

“சம்பளம் தாறாங்களோ?”

“கோப்பி தாறாங்கள்.”

“கடல் தாண்டிப் போய்க் கோப்பிக்குக் காத்தடிக்கிறாய். அம்மாட்டச் சொல்லாத.”

வலது கால் வந்தது. இடது கால் முழுவதும் வரவில்லை. வாக்குக் கொடுத்தபடி அண்ணியிடம் அதை நான்தான் சொன்னேன். வைத்தியர் சொன்னதை வரிசையாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“இறக்கியிருந்தால் ரெண்டும் வந்திருக்குமோ மச்சாள்?”

“தெரியாது அண்ணி. ஆளே வராமலும் விட்டிருக்கலாம்.”

“தெரியாது எண்டு சொல்லுறாய். அண்டைக்குத் தெரிஞ்ச மாதிரியெல்லோ சொன்னனி.”

என் வேலையில் ஒரு வால்வு சரியா என்று சந்தேகம் வந்தால் மூடிப் பார்ப்போம், பிறகு திறந்து பார்ப்போம், இரண்டையும் ஒப்பிடுவோம். ஒரு அண்ணாவை இரண்டு விதமாகச் செய்து பார்க்கமுடியாது. அன்று என்னிடமிருந்த விவரங்களோடு திரும்பவும் கேட்டால் அதையேதான் சொல்வேன். அண்ணிக்கு அது போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

நேர்முகம் முடிந்த சீலனுக்குச் செய்தி வாசலில் தொலைபேசியைத் திருப்பி வாங்கியபோதுதான் கிடைத்தது. அங்கிருந்தே முகாமுக்குப் பஸ் ஏறினான். அண்ணா அழுத்த அறைக்குள் கிடந்த நேரம் முழுவதும் கண்ணாடித் துவாரத்துக்குப் பக்கத்தில் நின்றானாம். இருக்கச் சொல்லி யாரோ கதிரை கொண்டுவந்து போட்டும் இருக்கவில்லையாம். விசா பிறகு கிடைத்தது.

*

இன்றைய நிலை இது. பாஸைச் சில மாதம் நிறுத்தி வைத்துவிட்டுப் புதுப்பித்துக் கொடுத்தார்கள், வள்ளத்தைப் பிடிக்கவில்லை. அண்ணா தடியோடு நடக்கிறார், சுழியோட முடியாது. இப்போது சுழியோடுபவன் சீலன். அண்ணாவை வள்ளத்துக்குள் அவன்தான் தூக்கி ஏற்றுகிறான். அண்ணா குமிழி பார்க்கிறார், இரண்டாவது சிலிண்டர் முடிந்ததும் மூன்றாவதின் மேல் போய் உட்காருகிறார். மனைவியின் சகோதரன் மேலே, அக்காவின் கணவன் கீழே என்ற வழக்கம் எங்கள் வீட்டில் தலைகீழாகிவிட்டது. அண்ணிக்கு முன்பு கடலில் ஒருவர், இப்போது இருவர். சீலனை எப்படியாவது கூப்பிடு என்று அவர் எனக்குச் செய்தி அனுப்புகிறார். என்னைக் கூப்பிடாதேங்கோ, அத்தானைத் தூக்க ஆள் இல்லை என்று சீலன் அனுப்புகிறான். அவனுடைய விசா முடிய இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. அவன் ரிக்கற் எடுக்கவில்லை. நான் இருவருக்கும் இன்னும் பதில் எழுதவில்லை.

மார்லீனுக்கு எழுதிவிட்டேன். வருகிறேன், தொலைபேசி பையில் இருக்கும், ஓகன் வாசிப்பவரிடம் முதலே சொல்லிவை, மூன்றாவதாக ஓர் ஆளையும் பிடித்து வை என்று. அவள் சம்மதித்துவிட்டாள். புதன்கிழமை மதியம் நான் இரண்டாவது துருத்தியில் நிற்பேன். அந்த நேரம் அண்ணாவும் சீலனும் கடலில் நிற்பார்கள்.